எடுத்த இடத்தில் வைத்தல்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசியிருக்கின்றனர். இலக்கியமும் சமயமும் கற்றுத் துறைபோகியவர்கள் பேசியிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணியாற்றுபவன். கோப்புகளை எடுப்பதும், எழுதுவதும், மீண்டும் அடுக்குவதுமாக இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஒரு சிறு வீட்டில் பொருள்களை அடுக்கி வைப்பது எப்படி என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சென்ற பொங்கலையொட்டி நான்கு சாக்கு நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து நம் சங்க நூலகத்தில் ஒப்படைத்தேன். அன்று முதல் அன்பர்கள் பலர் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் வினவி வருகின்றனர். "மாற்றலாகி ஊருக்குப் போகிறீர்களா?" என்றார் ஒருவர். "வேலையை விட்டுவிட்டீர்களா?" என்றார் மற்றொருவர். நான் சிரித்து மழுப்பினேன். இன்று அவையின் நடுவே அவ்வினாக்களுக்கு விடை கூறிவிடுகிறேன். எனக்குக் கண்பார்வை குறைந்து வருகிறது. போன பார்வை மீளாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டனர். பார்வை எஞ்சியிருக்கும்போதே வீட்டை ஒழுங்கு செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். அவ்வொழுங்கின் ஒரு பகுதியாகவே அப்புத்தகங்கள் இங்கு வந்தன.

என் நோயைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது கடமை. ஏனெனில் இங்குள்ள எவருக்கேனும் அது பயன்படக்கூடும். நம் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகை. கோலணுக்கள் என்பன ஒரு வகை. ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி உள்ளன. மங்கிய ஒளியில் காண்பதற்கும் பக்கவாட்டில் காண்பதற்கும் அவையே துணை. கூம்பணுக்கள் என்பன மற்றொரு வகை. ஏறத்தாழ 60 இலட்சம். பகலொளியில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுவன அவை. எனக்கு வந்துள்ள நோயில் கோலணுக்கள் முதலில் அழியத் தொடங்கும். அதனால் மாலைக்கண் வரும். பின்னர்ப் பார்வையின் அகலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் கூறுகின்றனர். இது மரபணு வழி வருவது. ஊட்டக் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு. என்மீது அன்பு கொண்ட பலர் பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் உண்ணச் சொன்னார்கள். உண்டேன், உடலுக்கு நன்றே. ஆனால் இந்நோயை அவை நிறுத்தமாட்டா. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மரபணு மருத்துவத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. அது ஒரேயொரு குறிப்பிட்ட மரபணுக் குறைக்கு மட்டும் உரியது, என்னுடையது அவ்வகையன்று.

இரு கண்களையும் திறந்து நேரே நோக்கும் நலமுள்ளவர்க்கு ஏறத்தாழ 180 பாகை அகலம் தெரியும். சென்ற முறை அளந்தபோது எனக்கு 15 பாகை இருந்தது. வண்டி மலைக்குகைக்குள் நுழைந்த பிறகு கடைசிப் பெட்டியில் நின்று திரும்பிப் பாருங்கள். நுழைந்த வாயில் ஒரு வெளிச்ச வட்டமாகத் தெரியும். வண்டி போகப் போக அவ்வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். என் நிலை அதுதான். வட்டத்திற்குள் இருப்பதைத் தெளிவாய்க் காண்கிறேன். சுவரில் உள்ள நாட்காட்டியின் தேதியைப் படித்துவிடுவேன்; காலடியில் உள்ள முக்காலி தெரியாது. எதிரில் வருபவரின் முகம் தெரியும். அவர் நீட்டிய கை தெரியாது. உங்களில் சிலர் கை நீட்டியும் நான் கைகொடாமல் நின்றதுண்டு. அதனைச் செருக்கு என்று எண்ணியிருந்தால் இன்று பொறுத்தருள வேண்டுகிறேன்.

நோய் இன்னதென்று 2021ஆம் ஆண்டிலேயே எனக்குத் தெரியும். வீட்டில் எவரிடமும் கூறவில்லை. அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். மனைவியிடம் சொன்னால் பெண்ணின் படிப்பைப் பற்றியும் பையனின் எதிர்காலத்தைப் பற்றியும் அவள் உறக்கமின்றி வருந்துவாளே என்ற தயக்கம். இரண்டுக்கும் மேலாக ஒரு வீண் பெருமை. குடும்பத் தலைவன் தடுமாறுகிறான் என்று பிறர் சொல்லக் கேட்க மனம் ஒப்பவில்லை.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள் அந்தி வேளை. பலகாரச் செலவுக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. சமையலறைத் தரையில் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், வாசலில் யாரோ அழைக்க, அரிவாள்மனையை மடக்காமல் எழுந்து சென்றிருந்தாள். நான் நேரே அதன்மேல் கால் வைத்தேன். ஒன்பது தையல் போட்டார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு என் மனைவி தன்னைத் தானே நொந்து அழுதாள். "நான்தான் வழியில் வைத்துவிட்டுப் போனேன்" என்று மீண்டும் மீண்டும் சொன்னாள். அந்தப் பழியை அவள் சுமப்பதைக் கண்டு என்னால் பொறுக்க இயலவில்லை. உண்மையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாளாய்?" என்று கேட்டாள். "ஓராண்டுக்கு மேல்" என்றேன். "இந்த ஓராண்டும் நான் எதை எதை எங்கெங்கே போட்டு வைத்திருப்பேன்!" என்றாள். என் நோயை மறைத்ததற்காக அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாயிருந்தது. கண்ணிழப்பவன் தன் நிலையை மறைத்தால், அவனைச் சுற்றியுள்ளோர் அறியாமலே அவனுக்குத் தீங்கு செய்தவர் ஆகிவிடுகின்றனர். மறைத்தவனே அப்பழியை அவர்கள்மேல் ஏற்றுகிறான்.

இனி வீட்டைப் பற்றிக் கூறுகிறேன். அஜ்னியில் எங்களுடையது இரண்டாம் வகை இரயில்வேக் குடியிருப்பு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு தாழ்வாரம். அதில் நால்வர் வாழ்கிறோம். நால்வர் என்றேனே தவிர, உண்மையில் அவ்வீட்டில் குடியிருந்தவை பொருள்களே. அவற்றின் இடுக்குகளில் நாங்கள் இருந்தோம். பரண்மேல் அட்டைப் பெட்டிகள், கட்டிலடியில் தகரப் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் கோணிகள், கொடியில் இருமடங்கு துணிகள். திருச்சி பொன்மலையிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் போய்வரும்போது கிராண்ட் டிரங்க் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவை அவை. ஓட்டை விழுந்த வெண்கலப் பானை ஒன்று. நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள் மூன்று. என் பெண் குழந்தையாய் இருந்தபோது கிடந்த தூளியின் கயிறு. காலியான ஊறுகாய்ச் சாடிகள் பதினொன்று.

வெளியூரில் வாழும் நாம் ஏன் இப்படிச் சேர்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். சொந்த ஊரில் இருப்பவனுக்கு ஊரே சாட்சி. தெருவும் குளமும் உறவும் அவனை இன்னான் என்று சொல்லும். இங்கு நமக்கு அப்படிச் சாட்சி சொல்பவை அப்பெட்டிகளே. ஆகவே உடைந்த பொருளையும் எறிய மனம் வருவதில்லை. அது தவறென்று நான் கூறமாட்டேன். ஆனால் 15 பாகைப் பார்வையுள்ளவனுக்கு அப்பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு குழி. நலமுள்ள கண் ஒரு மேசையை ஒரே நோக்கில் கண்டுவிடும். என் கண் அம்மேசையைச் சாண் சாணாகத் துழாவ வேண்டும். மேசைமேல் மூன்று பொருள் இருந்தால் நான்காம் நோக்கில் தேடியது கிடைக்கும். முப்பது பொருள் இருந்தால் தேடியதையே மறந்துவிடுவேன்.

கால் புண் ஆறியதும் நான் ஓர் எழுத்தனுக்குரிய முறையில் வேலையைத் தொடங்கினேன். முழுத்தாளில் கட்டம் போட்டு, வீட்டின் படம் வரைந்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று எண்ணிட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். அலுவலகச் சுற்றறிக்கை போலவே அமைந்திருந்தது அது. பயன் என்ன? மூன்றாம் நாளே கத்தரிக்கோலைக் காணோம். ஐந்தாம் நாள் நாற்காலி இடம் மாறிக் கிடக்க, அதில் முழங்கால் இடித்துப் பையன்மேல் சீறினேன். அவன் அன்றிரவு உண்ணாமல் உறங்கினான்.

மறுநாள் என் மனைவி சுவரிலிருந்த தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். "வீடு உங்கள் ஆபீஸ் அல்ல. இந்தச் சமையலறையில் இருபது வருஷமாய் நிற்பவள் நான். எது எங்கே இருந்தால் திருப்பி வைக்க எளிதாயிருக்கும் என்று என்னைக் கேட்டீர்களா? பிள்ளைகளைக் கேட்டீர்களா? நீங்கள் ஒருவர் அடுக்கினால் நீங்கள் ஒருவர்தான் காப்பாற்ற வேண்டும். நால்வரும் சேர்ந்து அடுக்கினால் நால்வரும் காப்பாற்றுவோம்" என்றாள். இன்று நான் கூற வந்ததன் சாரம் முழுவதும் அவளுடைய அந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது. பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நால்வருமாக உட்கார்ந்தோம். எங்கள் அனுபவத்தில் பயன் தந்தவற்றை முறையே சொல்கிறேன்.

முதலாவது, கழித்தல். அலுவலகப் பதிவறையில் ஒவ்வொரு கோப்பையும் எத்தனை ஆண்டு காக்கவேண்டும் என்ற வரம்பு உண்டு. சில ஓராண்டு, சில மூன்றாண்டு, சில என்றும் காக்கத்தக்கவை. வீட்டுப் பொருளையும் அவ்வாறே பிரித்தோம். சென்ற ஓராண்டில் எவர் கையும் படாத பொருள் ஒரு குவியல். அதில் ஒவ்வொருவரும் இரண்டு பொருளை மட்டும், காரணம் கூறாமலே, மீட்டுக்கொள்ளலாம் என்று விதி செய்தோம். என் பெண் தூளிக் கயிற்றை எடுத்துக்கொண்டாள். என்னைவிட அவளுக்கு அது வேண்டியிருந்ததை அன்றுதான் அறிந்தேன். மற்றவை பழைய பாத்திரக்காரனுக்கும், காகிதக்காரனுக்கும், தேவைப்பட்ட அண்டை வீட்டாருக்கும் போயின.

இரண்டாவது, தரை. தரையில் நடப்பவரைத் தவிர எதுவும் இருக்கலாகாது. வாளி, செருப்பு, பள்ளிப் பை யாவும் சுவரோரம் ஆணியிலோ பலகையிலோ ஏறின. அரிவாள்மனை மேடையின்கீழ் ஒரு மரப்பெட்டிக்குள் போயிற்று. மடக்கிய பின்பே அப்பெட்டிக்குள் அடங்கும். அதனினும் பெரிய எதிரி பாதி திறந்த கதவு. கையை முன்னே நீட்டி நடந்தாலும், இரு கைகளுக்கும் நடுவே அதன் விளிம்பு வந்து நெற்றியில் மோதும். ஆகவே கதவு முழுதும் திறந்திருக்க வேண்டும். அன்றேல் முழுதும் சாத்தியிருக்க வேண்டும். தாழ்வாரப் படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசினோம்.

மூன்றாவது, நிற வேறுபாடு. வெள்ளைத் தட்டில் வெண்சோறு எனக்குத் தெரியாது; கருநீலத் தட்டில் தெரிகிறது. எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் எவ்வளவு என்று காண இயலாது. விரல் நுனியை விளிம்பினுள் வைத்து ஊற்றுகிறேன். விடியற்காலையில் வீட்டாருக்குக் காப்பி போடுவது திருமணமான நாள் முதல் என் வேலை. அதை விட்டுவிடுமாறு சொன்னார்கள், நான் இசையவில்லை. வடிகட்டியும் டபராவும் சர்க்கரையும் ஒரே தாம்பாளத்தில், இடமிருந்து வலமாக, நாள்தோறும் ஒரே வரிசையில் இருக்கின்றன. டிகாக்ஷனை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் விட்டு அளவு பார்க்கிறேன். என் காப்பி இன்னும் பழுதில்லை என்று வீட்டில் சான்று அளிக்கின்றனர்.

நான்காவது, அடுக்கும் முறை. இதற்கு எங்களுக்கு ஆசானாய் அமைந்தது அஞ்சறைப் பெட்டி. நம் பாட்டிமார் கடுகையும் வெந்தயத்தையும் சீரகத்தையும் பார்த்தா எடுத்தார்கள்? அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கை தானாகச் சென்று உரிய அறையில் விழும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அறை மாறுவதில்லை, அவ்வளவே அதன் இரகசியம். அலமாரியின் தட்டுகளையும் அட்டையால் அறை அறையாகத் தடுத்தோம். நாள்தோறும் வேண்டுவன இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். என்றோ வேண்டுவன மேலே. மருந்துப் பட்டைகளில் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு. ஒன்றுபோல் இருக்கும் கறுப்புக் காற்சட்டைக்கும் நீலக் காற்சட்டைக்கும் வேறுபாடு அறிய, நீலத்தின் உட்புறத்தில் ஒரு முடிச்சுத் தையல். சான்றிதழ்க் கோப்பின் ஓரத்தில் ஒரு வெட்டு. வங்கிக் கோப்பில் இரண்டு. மருத்துவக் கோப்பில் மூன்று.

ஐந்தாவது, பணம். இப்போது வழங்கும் புதிய வரிசை நோட்டுகளை எடுத்து அளந்து பாருங்கள். பத்து ரூபாய் 123 மில்லிமீட்டர் நீளம், இருபது 129, ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நூறு ரூபாயின் ஓரங்களில் நான்கு சாய்வுக் கோடுகள் புடைப்பாக அச்சிடப்பட்டுள்ளன. இருநூறில் நான்கு கோடுகளும் நடுவே இரு வட்டங்களும். ஐந்நூறில் ஐந்து கோடுகள். புதிய நோட்டில் விரல் அதனை அறியும். பழகித் தேய்ந்த நோட்டில் அறிவது கடினம். ஆதலால் நீளத்தையே நம்பி, பணப்பையில் மூன்று அறைகளாகப் பிரித்து வைக்கிறேன். ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட செயலி ஒன்று கைப்பேசியில் நோட்டைக் காட்டினால் மதிப்பைக் கூறும். ஆயினும் சந்தை நெரிசலில் கைக்கும் பைக்கும் உள்ள பழக்கமே விரைவில் உதவுகிறது.

இவை அனைத்தையும் பார்வை உள்ளபோதே செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்திக் கூறுகிறேன். இன்று கண் கைக்கு ஆசிரியராய் இருக்கிறது. கை தவறினால் கண் திருத்துகிறது. நாளை ஆசிரியர் விடைபெற்ற பிறகு மாணவன் தனியே நிற்க வேண்டும். அதனால் இரவில் ஒரு மணி நேரம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டில் உலவுகிறேன். முதலில் பிள்ளைகள் சிரித்தனர். இப்போது அவர்களும் கட்டிக்கொள்கின்றனர். யார் விரைவில் தீப்பெட்டியை எடுப்பது என்று எங்களுக்குள் போட்டி.

அப்படி ஒருநாள் கண்ணைக் கட்டியிருந்தபோது நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். சொம்பு ஒன்றைக் கையில் எடுத்தேன். கழுத்துக்குக் கீழே சொரசொரவென்று புள்ளிகள் விரலில் பட்டன. தடவித் தடவிப் பார்த்தேன். என் தாயாரின் பெயர். பாத்திரக்கடையில் வாங்கியவுடன் பெயர் வெட்டித் தருவார்களே, புள்ளி புள்ளியாய், அந்த எழுத்துகள். அச்சொம்பை ஆண்டுக்கணக்கில் கையாண்டவன், ஒருநாளும் அப்பெயரைக் கண்ணால் படித்தவனல்லன். அம்மா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சமையலறையில் கண்ணைக் கட்டியபடியே சிறிது நேரம் நின்றேன். மறுநாள் முதல் பிரெயில் எழுத்தைக் கற்கத் தொடங்கினேன். அதுவரை அஞ்சித் தள்ளிப்போட்டிருந்தேன். அன்று அச்சம் நீங்கிற்று. பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்து, மூன்று வயதில் விபத்தால் பார்வை இழக்கத் தொடங்கிய லூயி பிரெயில், தம் பதினைந்தாம் வயதில், 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்டு அம்முறையை வகுத்தார். இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ் எழுத்தும் அதில் உண்டு. என் விரல் இன்னும் மெல்லத்தான் ஊர்கிறது. ஒரு வரிக்கு நெடுநேரம் ஆகிறது.

புத்தகங்களுக்கு வருகிறேன். என் தந்தையார் பொன்மலைப் பணிமனையில் தொழிலாளி. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பகுதிகளை அவருடைய தகப்பனார் வாரந்தோறும் கிழித்தெடுத்துக் காத்து வைத்தார். என் தந்தையார் அவற்றைத் தம் கையால் தைத்துக் கட்டடம் செய்தார். மூன்று தலைமுறை கைபட்ட தொகுதிகள் அவை. அவற்றோடு நான் வாங்கியவையும் சேர்ந்து ஓர் அலமாரி முழுதும் புத்தகங்கள். மங்கிய தாளில் உள்ள சிறு எழுத்துகளை என்னால் இனிப் படிக்க இயலாது. "வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. அவள் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அதுதான். நானே மறுத்தேன். படிக்க இயலாத புத்தகத்தை என் வீட்டில் நான் காவல் காப்பதைவிட, நம் சங்கத்துப் பிள்ளை ஒன்று எடுத்துப் படிப்பது மேல். சாக்கில் கட்டிய இரவு உறக்கம் வரவில்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு வழக்கம் தொடங்கியிருந்தது. இரவு உணவுக்குப்பின் என் பெண் பத்துப் பக்கம் உரக்கப் படிக்கிறாள். இந்நகரில் பிறந்து, இந்தியும் மராத்தியும் சரளமாய்ப் பேசித் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தவள் அவள். இன்று தடையின்றிப் படிக்கிறாள். இப்போது நம் நூலகத்தில் வாரம் ஒரு தொகுதி இரவல் வாங்கி வருகிறாள். நம் நூலகர் சாட்சி.

வேலையைப் பற்றி அஞ்சினேன் என்றேன். அவ்வச்சம் இங்கு இன்னும் சிலருக்கு இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது என்கிறது. அவர் வகிக்கும் பதவிக்கு ஏற்றவராக இல்லையெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இயலாதாயின், தக்க பணி கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ கூடுதல் பதவி ஒன்றில் வைத்திருக்க வேண்டும். பார்வையின் அகலம் 40 பாகைக்குக் கீழ்ப் போனால் அது குறைபார்வை. 10 பாகைக்குக் கீழ்ப் போனால் பார்வையின்மை என்பது அச்சட்டத்தின் வரையறை. நான் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இப்போது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் கணினி நிரலைக் கொண்டு வேலை செய்யப் பழகுகிறேன்.

இன்னொரு செய்தி, மனம் கூசினாலும் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் தம் அக்காள் மகளை மணந்தவர். இத்தகைய நோய் பலவற்றில் தாய் தந்தை இருவரிடமும் அக்குறை மறைந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணக்கும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. என் பெற்றோர் அறியாது செய்தனர். அவர்களை நான் ஒருபோதும் நோகேன். அறிந்த நாம் சிந்திக்க வேண்டும். நாற்பதைக் கடந்தோர் கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். அந்தியில் குழந்தை தடுக்கி விழுந்தால் துடுக்கு என்று அடிக்காதீர்கள், கண்ணைக் காட்டுங்கள்.

தமிழில் இரட்டைப் புலவர் வரலாறு அனைவரும் அறிந்தது. ஒருவர் கால் இயலாதவர். மற்றவர் கண் இல்லாதவர். கண்ணில்லாதவர் சுமந்தார், காலில்லாதவர் வழி காட்டினார். ஊர் ஊராகச் சென்று இருவரும் பாடினர். குறளில் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் உண்டு. பிறர்பால் இரங்கும் பண்புக்குக் கண்ணின் பெயரால் ஒரு சொல்லை நம் முன்னோர் வைத்திருக்கின்றனர். என் பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கும்போது அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்குகிறது. கண்ணிழந்தவனுடைய வீட்டில் ஒழுங்கு என்பது அவன் செய்வதன்று. கண்ணுள்ளவர் அவனுக்காகக் காக்கும் வாக்கு.

இறுதியாகச் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். நம் மன்றத்தின் வாயிற்படிகள் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாய் இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசுங்கள். வண்ணச் செலவு என்னுடையது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழியை எந்த விழாவிலும் மறிக்காதீர்கள். இங்கு முதியோர் பலர் உளர்; அவர்களுக்கும் அது உதவும். என் வீட்டிற்கு நீங்கள் அனைவரும் வரவேண்டும். வந்தால் காப்பி உண்டு. நானே போட்டுத் தருவேன். குடித்த தம்ளரை மட்டும் தரையில் வையாமல் எடுத்த தாம்பாளத்திலேயே வைத்துவிடுங்கள்.